எட்டு முறை அழுத்தவும்

ரீனோ பெர்த்தோலியின் வாயில் கருகல் ருசி முதன்முதலாக ஏறியது ஜூலை மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், அவர் அதை உடனே நோட்டில் எழுதிவைத்ததுதான். ஹோம் ஹில் என்ற கரும்பு ஊரில் முப்பத்தொரு வருஷம் கரும்பு அறுவடை இயந்திரம் ஓட்டியவர். எந்த மணிக்கு எந்தச் சத்தம் கேட்டது, எத்தனை லிட்டர் எண்ணெய் ஊற்றினோம் என்று தினமும் எழுதிப் பழகிய கை. இயந்திரத்தை விற்ற பிறகும் கை மட்டும் ஓய்வு பெறவில்லை.

அந்த இயந்திரம் போகும்போது ரீனோவின் முதுகெலும்பையும் பாதி கொண்டுபோயிற்று. வலிக்கு மருத்துவர் கஞ்சா எண்ணெய் எழுதிக்கொடுத்திருந்தார். சிறிய கண்ணாடிக் குப்பியில் வரும். குப்பியைப் பேனா போன்ற கருவியின் தலையில் திருகி, பொத்தானை அழுத்தினால் எண்ணெய் சூடாகி ஆவியாகும். இரண்டு இழுப்பு இழுத்தால் இரண்டு மணி நேரம் நிமிர்ந்து நிற்கலாம். நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நின்றார்.

ஜூலையில் ஆவிமருந்து ஒழுங்கு மன்றம் பழைய பேனாக்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நன்றிச் சான்றிதழும், மன்றம் அங்கீகரித்த புதிய பேனாவும், பன்னிரண்டு பக்கத் துண்டுப் பிரசுரமும் கொடுத்தது. பிரசுரத்தின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘உங்கள் பாதுகாப்புக்காக, பொத்தானை எட்டு முறை அழுத்தவும். சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பு அமலில் உள்ளது.’

ரீனோ எட்டு முறை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பாதுகாப்பு அமலுக்கு வந்தது. கூடவே, பால் தீய்ந்த பாத்திரத்தின் அடியை ரப்பரோடு சேர்த்து வாட்டிய ருசி ஒன்று நாக்கில் வந்து உட்கார்ந்து, மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

வேறு மாதமாக இருந்தால் சகித்துக்கொண்டிருப்பார். ஆனால் ஜூலை கடைசிச் சனிக்கிழமை அவர் வீட்டுக் கொட்டகையில் சலாமி போடும் நாள். எண்பது கிலோ பன்றி இறைச்சி, நாற்பது சொந்தக்காரர்கள். அரைத்த இறைச்சியில் உப்பு, மிளகு, பூண்டு, சிவப்பு ஒயின் சேர்த்துப் பிசைந்து, குடலில் அடைப்பதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வாணலியில் வாட்டுவார்கள். ஒருவர் ருசி பார்த்துச் ‘சரி’ சொல்ல வேண்டும். அடைத்துத் தொங்கவிட்ட பிறகு எதையும் திருத்த முடியாது. பிழையை நாற்பது பேர் வருஷம் முழுக்கத் தின்று தீர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த நாக்கு ரீனோவுடையது.

வரிசையில் அடுத்து நின்ற நாக்கு சால்வோவுடையது. ரீனோவின் மனைவி லொரெட்டாவின் தம்பி. சிசிலிக்காரர்கள். சோம்பு போடாத எதையும் சால்வோ உணவு என்று மதித்ததில்லை. லொரெட்டாவும் அதே வீட்டுப் பெண்தான். ஆனால் கல்யாணத்தன்று அவள் சோம்பைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக ரீனோ நம்பிக்கொண்டிருந்தார்.

செய்தி கேள்விப்பட்ட அன்றே சால்வோ வந்துவிட்டான்.

“அத்தான், முடியலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. இந்த வருஷம் நான் ருசி பாக்கறேன். சொந்தத்துக்குள்ள என்ன இருக்கு?”

“நீ பாத்தா அது சலாமி இல்லடா, சோம்பு மிட்டாய். சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் விக்கணும்.”

“மருந்து இழுக்காம நின்னா முதுகு விடாது. இழுத்துட்டு நின்னா நாக்கு விடாது. நான் என்ன பண்ண, நீங்களே சொல்லுங்க,” என்று சால்வோ வருத்தமாகச் சிரித்தான். சிரிப்பில்தான் வருத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அவன் சொன்னது உண்மை என்பதால் ரீனோவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு முறைப்படி இறங்கினார். குப்பியின் அடியைத் துணியால் துடைத்துப் பார்த்தார். கருகியது. குப்பியை ஒரு ராத்திரி நிமிர்த்தி நிறுத்திவைத்துப் பார்த்தார். கருகியது. புதுக் குப்பி மாற்றினார். கருகியது. இனிச் சந்தேகப்பட மிச்சமிருந்தது தன் நாக்கு மட்டும்தான் என்று தோன்ற, கண்ணைக் கட்டிக்கொண்டு லொரெட்டாவை ஊட்டச் சொன்னார். காப்பி, எலுமிச்சை, நெத்திலி என்று மூன்றையும் சரியாகச் சொன்னார். நான்காவதைக் ‘கருகின ரொட்டி’ என்றார்.

“அது கருகல. நல்லாத்தான் சுட்டேன்,” என்றாள் லொரெட்டா.

இருவரும் ரொட்டியைப் பார்த்தார்கள். ரீனோ நோட்டில் ‘நாக்கு: மூன்று சரி, ஒன்று சந்தேகம்’ என்று எழுதினார்.

ஊர் மருந்துக்கடையில் நெரிடா இருந்தாள். பத்து வருஷப் பழக்கம். ரீனோவின் முதுகைப் பற்றி ரீனோவைவிட அதிகம் தெரிந்தவள். அவர் ‘கருகல்’ என்று ஆரம்பித்ததுமே அவள் முகம் இருண்டுவிட்டது. தலைக்கு மேலே ஒட்டியிருந்த மன்றத்தின் அறிவிப்பைக் காட்டினாள். மருந்துக்கடைக்காரர்கள் கருவியின் சூடு, விளக்கு, பொத்தான் ஆகியவை பற்றித் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினால் உரிமம் ரத்து.

“தெரியுமா, தெரியாதா? அதையாவது சொல்லு.”

“தெரியுமா தெரியாதான்னு சொன்னாலே அது ஆலோசனைதான், ரீனோ. ரெண்டாவது பக்கத்துல இருக்கு.” அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்கு நாள் நல்லா இருக்கு இல்ல? இந்த மாதிரி நாள்ல அஞ்சுன்னு ஒரு எண் இருக்கே, அது எவ்வளவு அழகான எண்ணுன்னு தோணுது.”

“அஞ்சா?”

“எட்டைவிட எவ்வளவோ அழகு.”

ரீனோ புரிந்துகொண்டு தலையாட்டினார். நேராகப் பந்தயக் கடைக்குப் போய் டவுன்ஸ்வில் பந்தயத்தில் எட்டாம் எண் குதிரையை விட்டுவிட்டு ஐந்தாம் எண் குதிரை மேல் பணம் கட்டினார். அது கடைசியாக வந்தது. நெரிடாவுக்குக் குதிரை பற்றி ஒன்றும் தெரியாது என்று நோட்டில் எழுதினார்.

வேறு வழியில்லாமல் மன்றத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நாற்பத்தைந்து நிமிடம் ஒரு பியானோ ஒலித்தது. பிறகு ஒரு பெண்.

“கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு, ரீனோ. ரீனோன்னு கூப்பிடலாமில்ல? இங்க நாங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி. என்ன மாதிரி கருகல்? ரொட்டி, ரப்பர், முடி, கரும்பு, நாலுல ஒண்ணு சொல்லுங்க.”

“பால் தீஞ்ச மாதிரி. ரப்பரும் கொஞ்சம் இருக்கு.”

“ரெண்டு இருந்தா ரெண்டு புகார், ரீனோ. ரெண்டு தனித்தனிக் குழு.”

“அப்ப ரப்பர்னு போட்டுக்கம்மா.”

“பாலை விட்டுடறீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னால பால்னு வந்து நிக்கக் கூடாது.”

பாலை விட்டார். நான்காம் நாள் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் அறுவடைக்கு முன் கரும்புச் சோகையை எரிக்கும் ஊரில் வசிப்பதால், கருகல் ஊருடையது அல்ல, கருவியுடையதுதான் என்று நிறுவ வேண்டும். சம்பவ நாளன்று ஐந்து கிலோமீட்டர் சுற்றளவில் கரும்புத் தோட்டம் எதுவும் எரிக்கப்படவில்லை என்று சர்க்கரை ஆலையிடம் சான்று வாங்கி இணைக்கவும்.

கொடியில் காயப்போட்ட துணியெல்லாம் கரித்தூள் பூத்துக் கிடந்த ஒரு காலையில் ரீனோ ஆலை அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த குமாஸ்தா அவரோடு பள்ளியில் படித்தவன்.

“ரீனோ, நீயே முப்பது வருஷம் வெட்டினவன். ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் இந்த ஊர்ல எரியாத சாயங்காலம் ஒண்ணு சொல்லு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்.”

“சலாமி நாள் இருபத்தாறாம் தேதிடா.”

“நல்லதாப் போச்சு. டிசம்பர்ல வா, சான்றிதழ் ரெடியா இருக்கும். வரும்போது ரெண்டு சலாமி கொண்டா. சால்வோ போட்டதா இருந்தா வேண்டாம்.”

ஆலை கைவிட்டதை மன்றத்துக்கு எழுதினார். மன்றம் பெருந்தன்மையோடு மாற்று வழி சொன்னது: கருகிய இழுப்பு ஒன்றையும் கருகாத இழுப்பு ஒன்றையும் ஒப்பீட்டுக்காக மூடிய பாட்டிலில் அடைத்து அனுப்பலாம். கருகாத இழுப்பு கிடைத்திருந்தால் தான் எழுதியே இருக்க மாட்டேன் என்று ரீனோவுக்குத் தோன்றியது. ஆனால் தனக்குத் தோன்றுவது சரியாக இருக்காது என்றும் தோன்றியதால், கருகியதை மட்டும் ஜாம் பாட்டிலுக்குள் ஊதி, மூடியை இறுக்கி, மெழுகு வைத்து அனுப்பினார். பதில் உடனே வந்தது. ‘தங்கள் பாட்டில் காலியாக வந்து சேர்ந்தது. உள்ளிருந்த பொருள் வழியில் களவு போயிருந்தால் தபால் துறையை அணுகவும்.’

இருந்தாலும் மன்றம் யாரையும் கைவிடுவதில்லை. ஜூலை இருபத்திரண்டாம் தேதி நேர்விசாரணைக்கு வரச் சொன்னது. மருந்து இழுப்பவர் வண்டி ஓட்டக் கூடாது என்பதால் லொரெட்டா ஓட்டினாள். டவுன்ஸ்வில் போய்ச் சேருவதற்குள் ரீனோ மூன்று இடத்தில் இறங்கி நடந்தார்.

விசாரணை அறையில் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரீனோ நின்றுகொண்டே பேசுவதாகச் சொன்னார். நிற்பது மிரட்டும் தோரணை என்று ஒரு அம்மாள் கனிவோடு சொன்னார். உட்கார்ந்தார்.

தலைவர் டாக்டர் பிம் எழுந்து பேசினார். அவர் நிற்பது யாரையும் மிரட்டவில்லை.

“என்னை லாக்லன்னே கூப்பிடுங்க. ரீனோ, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இங்க இருக்கிற ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட இந்தக் கருவியைக் கையால தொட்டதில்ல. தொட்டா ஒரு பக்கமா சாஞ்சிருவோம். எங்க ஆய்வாளருங்க, கருவி ஓடும்போது அதைப் பாக்கக்கூட மாட்டாங்க, முதுகைத் திருப்பிக்குவாங்க. அவ்வளவு நடுநிலை. இந்தத் துண்டுப் பிரசுரத்தை எடுத்துக்குங்க. பதினாலு மாசம் உழைச்சோம். பொத்தானை எத்தனை தடவை அழுத்தணும்? தயாரிச்சவங்க ஒரு எண்ணிக்கை சொன்னாங்க. சரி, அது அவங்க அபிப்பிராயம். எங்க பாதுகாப்புத் துணைக்குழு, குழந்தை கையில கிடைச்சா என்ன ஆகும்னு கவலைப்பட்டு, கூட மூணு வேணும்னு கேட்டுச்சு. நாங்க யாரு மனசையும் புண்படுத்தல. ரெண்டையும் கூட்டிட்டோம். எட்டு வந்துச்சு. கருத்தொற்றுமைன்னா இதுதான்.”

எட்டுப் பேர் மெல்லக் கைதட்டினார்கள்.

ரீனோ உட்கார்ந்து அப்போது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. இடுப்பில் யாரோ திருப்புளியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். ‘கூட்டிட்டோம்’ என்பது வரை காதில் விழுந்தது. என்னத்தைக் கூட்டினார்கள் என்பது விழவில்லை. நோட்டில் ‘பேச்சு: 35 நிமிடம்’ என்று மட்டும் எழுதினார்.

முடிவாக, ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று அறிவித்தார்கள். காலியாக இருந்த ஒரே தேதி ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை, காலை பத்து மணி.

“அன்னிக்கு வீட்டுல நாப்பது பேர் இருப்பாங்களே!” என்றாள் லொரெட்டா.

“பரவால்ல, எங்க ஆளு யாரையும் பாக்க மாட்டார்,” என்றார் டாக்டர் பிம்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் நான்கு பெரிய தொட்டிகளில் இறைச்சி பிசைந்து தயாராக இருந்தது. ரீனோ ராத்திரியிலிருந்து மருந்து தொடவில்லை. நாக்கைக் காப்பாற்றுவதா, முதுகைக் காப்பாற்றுவதா என்று யோசித்து நாக்குக்கு ஓட்டுப் போட்டிருந்தார். ஒன்பதரைக்கெல்லாம் முழங்கை வரை கொழுப்போடு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்த நிலையில் அப்படியே பூட்டிக்கொண்டுவிட்டார். நெற்றியில் வியர்வை. வாணலிப் பக்கம் நகர முடியவில்லை.

சால்வோ ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கரண்டியோடு பக்கத்தில் வந்தான். “போதும் அத்தான். உட்காருங்க. பிடிவாதம் பிடிச்சு உயிரை விடாதீங்க.”

“கரண்டியை வைடா கீழ.”

சரியாகப் பத்து மணிக்கு ஆய்வாளர் வாரன் டிபெட் வந்தார். ஒல்லியான மனிதர், மார்போடு அணைத்த கோப்பு. எல்லாரும் தன்னை வாரன் என்றே கூப்பிடலாம் என்று நாற்பது பேருக்கும் தனித்தனியாகச் சொன்னார். பிறகு ரீனோவுக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

“ஆரம்பிக்கலாம், ரீனோ. வழக்கம்போல இழுங்க. நான் பாக்கல.”

“இழுத்தா நாக்கு போயிடும், வாரன். இந்த எண்பது கிலோவும் என் நாக்கை நம்பி இருக்கு.”

“இழுக்கலன்னா ‘விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை’ன்னு எழுதணும். மருந்துச் சீட்டு ஆறு மாசம் நிறுத்திவைப்பாங்க. ஒரு நண்பனாச் சொல்றேன்.”

சால்வோ கரண்டியை மறுபடி எடுத்தான். ரீனோ லொரெட்டாவைப் பார்த்தார். அவள் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இழு. ஆறு மாசம் நீ தவழறதை என்னால பாக்க முடியாது. சோம்பு வந்தா வரட்டும்.”

ரீனோ அழுத்தத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கட்டைவிரல் நிறையப் பன்றிக் கொழுப்பு. ஆறாவதற்கு விரல் வழுக்கிப் பொத்தானை விட்டு ஓடிவிட்டது. பேனாவில் விளக்கு எரிந்தது. பச்சை. இருபத்து மூன்று நாளில் அந்தப் பேனாவில் அவர் பச்சையைப் பார்த்ததே இல்லை. இருந்த வலியில் வந்தது வரட்டும் என்று அப்படியே இழுத்தார்.

கருகவில்லை.

எலுமிச்சைத் தோல் மாதிரி லேசாக ஒரு வாசனை வந்தது. அவ்வளவுதான். பழைய பேனாவின் ருசி. இன்னொரு முறை இழுத்தார். மறுபடி எலுமிச்சைத் தோல். சூடேறிய இயந்திரத்தின் சிவப்பு விளக்கைப் பார்த்து முப்பத்தொரு வருஷம் பதறி நிறுத்திய நாம், மூன்று வாரமாகச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து இழுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐந்தில் பேனா விழித்துக்கொள்கிறது. மேற்கொண்டு அழுத்தும் மூன்று அதைக் கொதிக்கவிடுகிறது. நெரிடா சொன்ன அழகான எண் குதிரையுடையது அல்ல.

கால் மணி நேரத்தில் முதுகு ஒவ்வொரு கண்ணியாக அவிழ்ந்தது. ரீனோ நிமிர்ந்தார். வாணலிக்கு நடந்தார். முதல் தொட்டியிலிருந்து ஒரு கரண்டி வாட்டித் தின்றார். “உப்பு பத்தல. ரெண்டு கைப்பிடி.” இரண்டாவது, “சரி.” மூன்றாவது, “சரி.” நான்காவதை வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். மெதுவாகத் திரும்பினார்.

“சால்வோ.”

“என்ன அத்தான்?”

“எவ்வளவு போட்ட?”

“நான் எதுவும்...”

“டேய், எவ்வளவு?”

“ஒரே ஒரு ஸ்பூன்! இருபது கிலோவுக்கு ஒரு ஸ்பூன்! உங்களுக்குத்தான் நாக்கே இல்லன்னு சொன்னாங்களே!” என்று சால்வோ கத்தினான். கொட்டகை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. நான்காவது தொட்டி அவன் வீட்டுக்கே போகட்டும் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பாயிற்று.

சுவரைப் பார்த்திருந்த வாரன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “ரீனோ, கருகல் இருந்ததா?”

“இல்ல.”

“இல்லையா?” வாரன் திரும்பியேவிட்டார். “எப்படி?”

“சொல்றேன். ரொம்பச் சுலபம். உங்க பிரசுரத்துல...”

“சொல்லாதீங்க!” வாரன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “நீங்க சொன்னா உரிமம் இல்லாம ஆலோசனை தந்த குற்றம். நான் கேட்டா அதுக்கு உடந்தை. அதோட, பிரசுரத்துல தப்பு இருக்க முடியாது. பதினாலு பேர் பிழை திருத்தியிருக்காங்க. அதுல ஒருத்தர் எழுத்துப்பிழைகூடக் கண்டுபிடிச்சார்.”

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கருகலை நீக்கும் முறை தற்செயலாகத் தெரியவந்த நபர், அதை எவரிடமும், மன்றத்திடமும் உட்பட, எக்காலத்திலும் வெளியிட மாட்டேன் என்று உறுதியளிக்கும் தாள். அச்சடித்தே இருந்தது. இவருக்கு முன்னால் எத்தனை பேருக்குத் தற்செயலாகத் தெரியவந்தது என்று கேட்க ரீனோவுக்கு வாய்வரை வந்தது.

“கையெழுத்துப் போடலன்னா?”

“பேனாவை எடுத்துட்டுப் போகணும்.”

ரீனோ போட்டார். தாளில் கொழுப்பு விரல் பதிந்தது. வாரன் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்து, புகாரின் மேல் ‘தீர்வு காணப்பட்டது; காரணம் ரகசியம்’ என்று எழுதி மூடினார்.

வாசல்வரை ரீனோ நடந்தே கொண்டுவிட்டார். கார்க் கதவைத் திறந்த வாரன் ஏறவில்லை. மூக்கைச் சொறிந்தார். கரித்தூள் படிந்த சாலையைப் பார்த்தார்.

“எங்கம்மா மெக்காய்ல இருக்காங்க. மூட்டுவலி. இதே பேனாதான். போன மூணு வாரமா எதைத் தின்னாலும் டயர் மாதிரி இருக்குன்னு அழறாங்க. சாப்பாட்டையே குறைச்சுட்டாங்க.” குரல் இறங்கியது. “ஆய்வாளரா கேக்கல, ரீனோ. வாரனா கேக்கறேன்.”

ரீனோவுக்கு அந்த அம்மாளை நினைத்தால் பாவமாக இருந்தது. பையில் இருந்த தாளின் நகலை நினைத்தால் பயமாக இருந்தது. உள்ளே போய்ப் போன வருஷத்துச் சலாமி எட்டைக் கொண்டுவந்து காரின் முகப்பில் ஒவ்வொன்றாக அடுக்கினார். வாரன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரீனோ அதிலிருந்து மூன்றை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“அம்மாவுக்குக் கொடுங்க. எட்டு வேண்டாம். எட்டு கருகிடும். இதோ, இவ்வளவுதான். அஞ்சு. நாள் எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க, வாரன். இந்த மாதிரி நாள்ல அஞ்சு எவ்வளவு அழகான எண்ணு!”

வாரன் சலாமிகளை எண்ணினார். ரீனோவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. நன்றியோடு ரீனோவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வேகமாக வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

லொரெட்டா பின்னால் வந்து நின்றாள். “புரிஞ்சிருக்குமா?”

வண்டி மெக்காய் போகும் தெற்குப் பக்கம் திரும்பவில்லை. நேரே ஊருக்குள் போய், பந்தயக் கடை வாசலில் நின்றது.